ஸ்டைலுக்காக எலும்பை அறுக்கச் சொன்னவர்... லயோலாவின் வாழ்க்கையை மாற்றிய ஒன்பது மாத பெட் ரெஸ்ட்!

லயோலா என்றதும் சென்னைவாசிகளுக்கு நுங்கம்பாக்கம் கல்லூரிதான் ஞாபகத்துக்கு வரும். 1925-ல் தொடங்கிய அந்தக் கல்லூரி தாங்கி நிற்பது, ஸ்பெயினில் பிறந்த இக்னேஷியஸ் லயோலாவின் பெயரை. தமிழ்க் கத்தோலிக்கர்கள் இவரைப் புனித இஞ்ஞாசியார் என்பார்கள். இயேசு சபையைத் தொடங்கியவர், புனிதர் பட்டம் பெற்றவர் என்பதெல்லாம் பலருக்குத் தெரிந்த விஷயம். ஆனால், அது எல்லாமே ஓர் உடைந்த காலில்தான் ஆரம்பித்தது என்பது அவ்வளவாகத் தெரியாது.

பைக்கில் விழுந்தோ, கிரவுண்டில் மோதியோ காலில் மாவுக்கட்டோடு படுத்திருப்பவர்கள் மனசில் ஓடுவது ஒரே கேள்விதான். எப்போ பழையபடி நடப்பேன்? 500 வருடங்களுக்கு முன்பு இவரும் அதே கேள்வியோடுதான் படுத்துக் கிடந்தார். பழைய காலைத் திரும்பப் பெற இவர் கொடுத்த விலை, இன்று கேட்டாலும் குலை நடுங்கும்.

வாளும் வம்பும்

ஸ்பெயினின் வடக்கே பாஸ்க் பகுதியில், அஸ்பெய்த்தியா ஊருக்குப் பக்கத்தில் லயோலா குடும்பத்தின் கோட்டை வீடு இருக்கிறது. 1491 வாக்கில், 13 பிள்ளைகளில் கடைக்குட்டியாக அங்கே பிறந்தார். வைத்த பெயர் இனிகோ. அம்மா சீக்கிரமே இறந்துவிட, பக்கத்தில் இருந்த ஒரு கொல்லரின் மனைவிதான் பாலூட்டி வளர்த்தார்.

டீன் ஏஜில் காஸ்டைல் அரசின் தலைமைக் கருவூல அதிகாரி வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். அரண்மனைப் பழக்கவழக்கம், வாள் வீச்சு, நடனம் என எல்லாமே அங்கே கற்றுக்கொண்டதுதான். இறுக்கமான கால்சட்டை, உயரமான பூட்ஸ், இடுப்பில் வாள் என்று கெத்தாகத் திரிந்தார். வம்புச் சண்டைக்கும் பஞ்சமில்லை. வீரர்களும் காதலும் நிறைந்த சாகச நாவல்கள் என்றால் உயிர். அந்தக் கதைகளில் வரும் வீரன் மாதிரியே வாழணும் என்பதுதான் கனவு.

1521, மே 20

தன்னை ஆதரித்த அதிகாரி இறந்த பிறகு, நவார் பகுதியின் வைஸ்ராயிடம் சேர்ந்தார் இனிகோ. 1521-ல் பிரெஞ்சுப் படை பாம்ப்ளோனா நகரத்துக்குள் நுழைந்தது. எதிரிப் படை பெரியது என்பதால் நகரம் பணிந்துவிட்டது. கோட்டைக்குள் இருந்தவர்களும் சரணடையத் தயாராகத்தான் இருந்தார்கள். இனிகோதான் விடவில்லை. சண்டை போட்டே ஆகவேண்டும் என்று தளபதியைச் சம்மதிக்க வைத்தார்.

மே 20 அன்று ஒரு பீரங்கிக் குண்டு அவருடைய இரண்டு கால்களுக்கும் நடுவே பாய்ந்தது. வலது கால், முழங்காலுக்குக் கீழே நொறுங்கியது. இடது காலில் சதை கிழிந்தது. அவர் விழுந்ததுமே கோட்டையும் விழுந்தது.

பிரெஞ்சுக்காரர்கள் அவரை மரியாதையாகவே நடத்தினார்கள். அவர்களுடைய மருத்துவர்கள் எலும்பைப் பொருத்திக் கட்டினார்கள். ரெண்டு வாரம் அங்கேயே வைத்திருந்துவிட்டு, டோலி மாதிரி ஆட்கள் சுமக்கும் படுக்கையில் ஏற்றி, மலைப்பாதை வழியாக வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள்.

சேர்த்த எலும்பை மறுபடி உடைத்தார்கள்

முறிந்த எலும்பு எப்படிச் சேருகிறது? முதலில் முறிந்த இடத்தில் ரத்தம் கட்டும். அடுத்த ரெண்டு, மூணு வாரங்களில் அங்கே குருத்தெலும்பு மாதிரி மெத்தென்று ஒரு பாலம் உருவாகும். பிறகுதான் அது கெட்டி எலும்பாக மாறும். பழைய வடிவத்துக்குத் தன்னைத்தானே செதுக்கிக்கொள்ள மாதங்கள், சில சமயம் வருடங்கள்கூட ஆகும். பாலம் மெத்தென்று இருக்கும் நேரத்தில் எலும்பு நகர்ந்தால், நகர்ந்த இடத்திலேயே கோணலாகச் சேர்ந்துவிடும். டாக்டர்கள் காலை அசைக்காதீங்க என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் இனிகோவைக் கரடுமுரடான பாதையில் தூக்கி வந்திருந்தார்கள். வீட்டில் பார்த்த மருத்துவர்கள் எலும்பு இடம் மாறியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். முதலிலேயே சரியாகப் பொருத்தவில்லையா, வழியில் குலுங்கியதில் நகர்ந்ததா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஒரே வழி, மறுபடி உடைத்துச் சேர்ப்பது.

மயக்க மருந்தாக ஈதர் புழக்கத்துக்கு வந்தது 1846-ல். எக்ஸ்ரே கண்டுபிடித்தது 1895-ல். இனிகோவுக்கு ரெண்டும் கிடையாது. உடைக்கும்போது அவர் ஒரு சத்தம்கூடப் போடவில்லை. கை விரல்களை இறுக்கி மடக்கிக்கொண்டதோடு சரி.

அதன் பிறகு நிலைமை ரொம்ப மோசமானது. சாப்பாடு இறங்கவில்லை. ஜூன் 24 அன்று கடைசிப் பாவமன்னிப்புக்குத் தயாராகச் சொன்னார்கள். 28-ம் தேதி, நள்ளிரவுக்குள் தேறாவிட்டால் பிழைக்க மாட்டார் என்று மருத்துவர்கள் கைவிரித்தார்கள். அன்று ராத்திரியே உடம்பு தேற ஆரம்பித்தது. சில நாள்களில் ஆபத்து நீங்கியது.

பூட்ஸுக்காக ஓர் ஆபரேஷன்

எலும்பு சேர்ந்துவிட்டது. ஆனால், முழங்காலுக்குக் கீழே ஒரு துண்டு இன்னொன்றின் மேல் ஏறிச் சேர்ந்திருந்தது. அசிங்கமாக ஒரு புடைப்பு. காலும் குட்டையாகிவிட்டது.

இனிகோவால் அதைத் தாங்கிக்கொள்ள முடியவில்லை. அந்தப் புடைப்போடு இறுக்கமான பூட்ஸை எப்படிப் போடுவது? அரண்மனைக்குள் எப்படி நடப்பது? அறுத்து எடுத்துவிடலாமா என்று கேட்டார். எடுக்கலாம், ஆனால் இதுவரை பட்டதையெல்லாம்விட வலி அதிகமாக இருக்கும் என்றார்கள். கேட்டுக்கொண்டிருந்த அண்ணன் நடுங்கிப்போனார். தம்பியோ பிடிவாதமாக நின்றார். சதையை வெட்டி எலும்பை அறுத்தார்கள். குட்டைக் கால் நீள வேண்டும் என்று களிம்பு தடவி, கருவிகளை மாட்டி நாள்கணக்கில் இழுத்தார்கள். அந்த நாள்கள் சித்ரவதையாக இருந்ததாகப் பின்னாளில் அவரே பதிவு செய்தார்.

காலைக் காப்பாற்ற உடைத்தது முதல் தடவை. ரெண்டாவது தடவை அறுத்தது முழுக்க முழுக்க அழகுக்காக.

சேர்ந்துவிட்ட எலும்பை வெளியிலிருந்து இழுத்து நீளமாக்க முடியாது. அதற்கான வழி கிடைக்க 20-ம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1950-களில் சோவியத் மருத்துவர் கவ்ரில் இலிசாரோவ், எலும்பை வெட்டி, காலைச் சுற்றி வளையங்களைப் பொருத்தி, ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் மெல்ல விலக்கினால் இடைவெளியில் புது எலும்பு வளரும் என்று காட்டினார். இனிகோ பட்ட அந்தக் கூடுதல் வலி அவர் காலைச் சரியாக்கவில்லை. கடைசிவரை காலைத் தாங்கித் தாங்கித்தான் நடந்தார்.

போரடித்தபோது கிடைத்த ரெண்டு புத்தகங்கள்

உடம்பு தேறிவிட்டாலும் காலை ஊன்ற முடியவில்லை. படுத்தே கிடக்கணும். பொழுது போக அவர் கேட்டது தனக்குப் பிடித்த சாகச நாவல்களை. வீட்டில் ஒன்றுகூட இல்லை. இருந்தவை ரெண்டே ரெண்டு. ஒன்று கிறிஸ்துவின் வாழ்க்கை வரலாறு, இன்னொன்று புனிதர்களின் கதைகள். வேறு வழியில்லாமல் படித்தார்.

படிக்காத நேரத்தில் பகல் கனவு. பெரிய இடத்துப் பெண் ஒருத்தியை மனதில் வைத்துக்கொண்டு, அவளைப் பார்க்க எப்படிப் போவது, என்ன பேசுவது என்று மணிக்கணக்கில் யோசிப்பார். இன்னொரு நேரம், அந்தப் புனிதர்கள் செய்ததை நாமும் செய்தால் என்ன என்று யோசிப்பார். ரெண்டுமே யோசிக்கும்போது ஜாலியாகத்தான் இருந்தன. வித்தியாசம் அதற்குப் பிறகுதான் தெரிந்தது. முதல் கனவு கலைந்ததும் மனசு வறண்டு, வெறுமையாகிவிடும். ரெண்டாவது கலைந்த பிறகும் ஒரு நிறைவு தங்கியிருக்கும்.

ஒரு நாள் இது அவருக்கு உறைத்தது. அந்த நிமிடம் எது இனிக்கிறது என்பதை விட்டுவிட்டு, முடிந்த பிறகு எது மிச்சம் இருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தார். பிற்பாடு அவர் எழுதிய ஆன்மிகப் பயிற்சிகள் நூலுக்கு விதை இதுதான். கட்டிலில் கிடந்து மணிக்கணக்கில் ரீல்ஸ் தள்ளும் நமக்கும் இது புரியாத விஷயமில்லை. போனைக் கீழே வைத்த பிறகு மனசு எப்படி இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்தாலே போதும்.

மெல்ல எழுந்து நடமாட ஆரம்பித்ததும், படித்ததில் பிடித்ததை ஒரு நோட்டில் அழகான கையெழுத்தில் எழுதத் தொடங்கினார். இயேசு பேசியது சிவப்பு மையில், மரியாள் பேசியது நீல மையில். ஏறத்தாழ 300 தாள்கள். ராத்திரியில் நட்சத்திரங்களை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு காலில் மட்டும் செருப்பு

1522-ன் தொடக்கத்தில், கோவேறு கழுதையில் ஏறி வீட்டை விட்டுக் கிளம்பினார். அடிபட்டு ஒன்பது மாதங்கள் ஆகியும் கால் முழுசாகத் தேறவில்லை. வழியில் சாக்குத் துணியும் ஒரு ஜோடி நார்ச் செருப்பும் வாங்கினார். அதில் ஒன்றை மட்டும்தான் போட்டுக்கொண்டார். கட்டுப் போட்டிருந்த காலுக்கு. சவாரியிலேயே போனாலும் அந்தக் கால் தினமும் ராத்திரி வீங்கிவிடும். எலும்பு முறிந்து தேறியவர்களுக்கு இந்த சாயங்கால வீக்கம் நல்ல பழக்கம். நாள் முழுக்கக் கால் தொங்கிக்கொண்டிருந்தால் நீர் கீழே இறங்கும். எலும்பு சேர்ந்த பிறகும் மாதக்கணக்கில் இது இருக்கலாம்.

மார்ச்சில் மான்செராட் மலைக்கோயிலில் வாளையும் குத்துவாளையும் விட்டுவிட்டார். ஸ்டைலான உடைகளை ஒரு பிச்சைக்காரருக்குக் கொடுத்துவிட்டு, சாக்கு உடையை மாட்டிக்கொண்டார். எந்த பூட்ஸுக்காக எலும்பை அறுக்கச் சொன்னாரோ, அது தேவையே இல்லாமல் போனது.

தாங்கித் தாங்கி நடந்தவர்

அதன் பிறகு அந்தக் கால் போன தூரம் கொஞ்சநஞ்சமில்லை. 1523-ல் ஜெருசலேம். திரும்பி வந்து, முப்பது வயதுக்கு மேல் பார்சிலோனாவில் சின்னப் பசங்களோடு உட்கார்ந்து லத்தீன் படித்தார். 1528-ல், குளிர்காலத்தில் தனியாக நடந்தே பாரிஸ் போய்ச் சேர்ந்தார். அங்கே கல்லூரியில் ரூம்மேட்டாக வாய்த்தவர்களில் ஒருவர் பிரான்சிஸ் சேவியர். 1542-ல் நம்ம முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்து பரதவ மக்களோடு வாழ்ந்த அதே சவேரியார்தான்.

1534, ஆகஸ்ட் 15 அன்று பாரிஸின் மோன்மார்த்தர் குன்றில் இவரும் ஆறு நண்பர்களும் உறுதிமொழி எடுத்தார்கள். 1540-ல் போப் மூன்றாம் பால் இயேசு சபைக்கு அங்கீகாரம் தந்தார். 1556, ஜூலை 31 அன்று ரோமில் இறக்கும்வரை லயோலா அதன் தலைவராக இருந்தார்.

ஒரு காலத்தில் அழகுக்காகவும், பிறகு தவத்துக்காகவும் தன் உடம்பை வதைத்தவர், சபையினருக்கு எழுதிய விதிகளில் உடம்பைப் பேணுவது பற்றித் தனி அத்தியாயமே வைத்தார். அளவுக்கு மீறி உண்ணாநோன்பு இருந்த நண்பருக்கு, அதைக் குறைத்து உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கடிதம் எழுதினார்.

இயேசு சபையினர் 2021, மே 20 முதல் 2022, ஜூலை 31 வரை இக்னேஷியஸ் ஆண்டு கொண்டாடினார்கள். முடிந்த தேதி, அவர் இறந்த நாள். தொடக்கத்துக்கு அவர் பிறந்த நாளையோ, சபை பிறந்த நாளையோ அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. அவருடைய கால் உடைந்து சரியாக 500 ஆண்டுகள் நிறைந்த நாளைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.