ஜோசப் மல்லோர்ட் வில்லியம் டர்னர்

ஜோசப் மல்லோர்ட் வில்லியம் டர்னர் (ஏப்ரல் 23, 1775 – டிசம்பர் 19, 1851) ஓர் ஆங்கிலேய ஓவியரும் அச்சுப்படக் கலைஞரும் ஆவார். கடல், கப்பல், புயல், ஒளி ஆகியவற்றை வரைந்ததற்காக இவர் பெரிதும் அறியப்படுகிறார். இவர் தமது படைப்புகளில் பெரும்பகுதியைத் தம்மிடமே சேர்த்து வைத்திருந்தார். இவரது இறப்புக்குப் பின் அவை பிரித்தானிய நாட்டுக்கு உரியவையாயின. டர்னருடையவை எனச் சொல்லப்படும் பிற படங்களின் உண்மைத்தன்மையை அறிவதற்கு இத்தொகுப்பே இன்று முதன்மையான ஒப்பீட்டு அடிப்படையாக உள்ளது.

இளமையும் கல்வியும்

டர்னர் இலண்டனில் கோவென்ட் கார்டன் பகுதியில் உள்ள மெய்டன் லேன் என்னும் தெருவில் பிறந்தார். தந்தை வில்லியம் முடிதிருத்துபவராகவும் பொய்முடி செய்பவராகவும் தொழில் செய்தார். மகன் சிறுவயதில் வரைந்த படங்களை அவர் தமது கடையில் காட்சிக்கு வைத்து விற்றார். தாய் மேரி மனநோயால் பாதிக்கப்பட்டு 1800 இல் பெத்லெம் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 1804 இல் இறந்தார்.

டர்னர் 1789 இல், தமது 14 ஆவது வயதில், அரச கலைக்கழகத்தின் பள்ளியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே இவரது நீர்வண்ண ஓவியம் ஒன்று அக்கழகத்தின் கண்காட்சியில் இடம்பெற்றது.

1790களின் நடுப்பகுதியில் தாமஸ் மன்றோ என்னும் மருத்துவர், இளம் ஓவியர்களைத் தமது வீட்டுக்கு அழைத்துப் பிறரது படங்களைப் படியெடுக்கச் செய்தார். அங்கே தாமஸ் கர்ட்டின் கோட்டுருவம் வரைய, டர்னர் அதன்மேல் வண்ணம் பூசினார். மன்றோ இறந்தபின் 1833 இல் நடந்த ஏலத்தில் அப்படங்கள் பலவற்றை டர்னரே வாங்கினார். இவற்றில் எது யாருடைய கை என்று பிரித்தறிவது ஆய்வாளர்களுக்கு இன்றும் கடினமாகவே உள்ளது.

கடல் ஓவியங்கள்

1796 இல் காட்சிக்கு வைக்கப்பட்ட 'கடலில் மீனவர்கள்' இவரது தொடக்கக்கால எண்ணெய் வண்ண ஓவியங்களுள் குறிப்பிடத்தக்கது. நிலவொளியில் அலைமேல் தத்தளிக்கும் படகை இது காட்டுகிறது. 1801 இல் பிரிட்ஜ்வாட்டர் பிரபுவுக்காக, அவரிடமிருந்த இளைய வில்லெம் வான் டி வெல்டேயின் டச்சுக் கடல் ஓவியம் ஒன்றுக்கு இணையாக ஒரு படத்தை வரைந்தார். 1802 இல் அரச கலைக்கழகத்தின் முழு உறுப்பினரானார். 1804 இல் இலண்டனில் தமக்கெனச் சொந்தக் காட்சிக்கூடம் ஒன்றைத் திறந்தார்.

டிரஃபல்கர் கடற்போரில் பங்கேற்ற கப்பல் ஒன்று உடைக்கப்படுவதற்காக இழுத்துச் செல்லப்படுவதை 'போரிடும் டெமரேர்' (1839) காட்டுகிறது. இதனை டர்னர் யாருக்கும் விற்கவில்லை. 1840 இல் வரைந்த 'அடிமைக் கப்பல்' ஓவியம், அடிமைகள் கடலில் வீசப்பட்ட கொடுமையைப் பொருளாகக் கொண்டது. கலைத் திறனாய்வாளர் ஜான் ரஸ்கினிடம் சிலகாலம் இருந்த இப்படம் இப்போது அமெரிக்காவின் பாஸ்டன் நகர நுண்கலை அருங்காட்சியகத்தில் உள்ளது.

அச்சுப்படங்கள்

17 ஆம் நூற்றாண்டு ஓவியர் கிளாட் லொரேன், தமது ஓவியங்களுக்குப் போலிகள் தோன்றியதால், ஒவ்வோர் ஓவியத்துக்கும் ஒரு பதிவு வரைபடத்தை 'லிபர் வெரிட்டாட்டிஸ்' என்னும் ஏட்டில் வைத்திருந்தார். அதன் தூண்டுதலால் டர்னர் 'லிபர் ஸ்டூடியோரம்' என்னும் அச்சுப்படத் தொகுதியைத் தொடங்கினார். 100 படங்கள் திட்டமிடப்பட்ட இத்தொகுதியில் 1807 முதல் 1819 வரை 71 படங்கள் வெளிவந்தன. கடற்காட்சிகள் இதில் தனிப் பிரிவாக இருந்தன.

செப்புத் தகட்டில் அமிலத்தால் அரித்து எடுக்கப்படும் கோடுகளைப் பெரும்பாலும் டர்னரே வரைந்தார். ஒளியும் நிழலும் மெசோடின்ட் முறையில் சேர்க்கப்பட்டன. இம்முறையில் தகட்டின் பரப்பு முழுவதும் சொரசொரப்பாக்கப்பட்டு, ஒளி வேண்டிய இடங்கள் மட்டும் சுரண்டி மழுங்கச் செய்யப்படும். இப்பணியைத் தொடக்கத்தில் சார்லஸ் டர்னர் என்னும் செதுக்குநர் செய்தார். இவர் ஓவியருக்கு உறவினர் அல்லர். ஊதியம் பற்றிய பிணக்கால் இவர் விலகியபின் வேறு செதுக்குநர்கள் பணியாற்றினர். சில தகடுகளை டர்னர் தாமே முடித்தார்.

மெசோடின்ட் செப்புத் தகடு விரைவில் தேய்ந்துவிடும். தேய்ந்த தகடுகளை டர்னர் மீண்டும் திருத்தி அச்சிட்டார். இதனால் ஒரே படம் பல 'நிலை'களில் கிடைக்கிறது. டபிள்யூ. ஜி. ராலின்சன் 1878 இல் வெளியிட்ட பட்டியல் இந்நிலைகளை வேறுபடுத்திக் காட்டியது. சேகரிப்பாளர்கள் பொதுவாக முந்தைய நிலைகளையே பெரிதும் நாடுகின்றனர். டர்னரிடம் எஞ்சியிருந்த அச்சுப்படங்கள் 1873 இல் ஏலத்தில் விற்கப்பட்டன. அவற்றில் இவரது பெயரின் முதலெழுத்துகள் கொண்ட, மையில்லாத புடைப்பு முத்திரை காணப்படுகிறது.

'இங்கிலாந்தின் துறைமுகங்கள்' என்னும் தொகுதி 1856 இல், ரஸ்கினின் உரையுடன் வெளிவந்தது. ஓவியர் இறந்தபின் வெளியான அச்சு, மூல வடிவமைப்பு இவருடையதாக இருந்தாலும், இவர் தாமே திருத்தி வெளியிட்ட அச்சிலிருந்து வேறுபடுத்தியே மதிப்பிடப்படுகிறது.

உயிலும் கொடையும்

டர்னர் தாம் விற்ற படங்களையும் திரும்ப வாங்கினார். 1818 இல் 350 கினிக்கு விற்ற 'பனிமூட்டத்தினூடே எழும் ஞாயிறு' என்னும் படத்தை 1827 இல் 490 கினி கொடுத்து ஏலத்தில் மீட்டார். இப்படத்தையும் 'கார்த்தேஜைக் கட்டும் டிடோ' என்னும் படத்தையும் தேசிய காட்சியகத்தில் கிளாட் லொரேனின் படங்களுக்கு அருகில் தொங்கவிட வேண்டும் என உயிலில் குறிப்பிட்டார். செல்வத்தின் பெரும்பகுதியை வறிய ஓவியர்களுக்கான இல்லம் அமைக்க ஒதுக்கினார்.

1851 இல் டர்னர் செல்சியில் இறந்தார். புனித பவுல் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். உயிலை எதிர்த்து உறவினர்கள் வழக்குத் தொடர்ந்தனர். 1856 இல் ஏற்பட்ட தீர்வின்படி பணத்தின் பெரும்பகுதி உறவினருக்கும், ஓவியங்கள் நாட்டுக்கும் சென்றன. ஓவியர் இல்லம் அமையவில்லை. நாட்டுக்குக் கிடைத்த தொகுப்பில் ஏறத்தாழ 300 எண்ணெய் வண்ண ஓவியங்களும் 30,000 தாள் வரைவுகளும் இருந்தன. வரைவுகளை ரஸ்கின் முதலில் ஒழுங்குபடுத்தினார். ஏ. ஜே. ஃபின்பெர்க் 1909 இல் அவற்றின் முழுப் பட்டியலை வெளியிட்டார். 1987 முதல் இத்தொகுப்பின் பெரும்பகுதி இலண்டன் டேட் காட்சியகத்தின் குளோர் பிரிவில் உள்ளது.

உண்மைத்தன்மையை அறிதல்

டர்னரின் படங்களுக்கு இவர் காலத்திலேயே படியெடுப்போர் பலர் இருந்தனர். எனவே கையொப்பம் மட்டும் போதிய சான்றாகாது. ஒரு படம் யார் யாரிடமிருந்து கைமாறி வந்தது என்னும் வரலாறு முதலில் ஆராயப்படுகிறது. அடுத்து, தாளின் நீர்க்குறி பார்க்கப்படுகிறது. நீர்க்குறியிலுள்ள ஆண்டு 1851 க்குப் பிற்பட்டதாயின் படம் டர்னருடையதன்று. முற்பட்டதாயினும் அது மட்டுமே சான்றாகாது. பழைய தாளில் பிறரும் வரைந்திருக்கலாம். வண்ணப் பொருள்களும் சோதிக்கப்படுகின்றன. 20 ஆம் நூற்றாண்டில் விற்பனைக்கு வந்த டைட்டேனியம் வெள்ளை மூல வண்ணப் படலத்திலேயே காணப்பட்டால் படம் போலி எனத் தெரியவரும். ஆனால் பிற்காலப் பழுதுபார்ப்பில் அது சேர்ந்ததா என்பதையும் பார்க்க வேண்டும்.

வல்லுநர் கருத்தும் பிழைபட்டதுண்டு. வேல்ஸைச் சேர்ந்த குவென்டலின், மார்கரெட் டேவிஸ் சகோதரிகள் தாங்கள் சேகரித்த டர்னர் ஓவியங்களை வேல்ஸ் தேசிய அருங்காட்சியகத்துக்கு வழங்கினர். அவற்றுள் மூன்று எண்ணெய் வண்ணக் கடற்காட்சிகள் 1950களில் ஐயத்துக்குள்ளாகிக் காட்சியிலிருந்து அகற்றப்பட்டன. டர்னர் முதுமையில் மார்கேட் என்னும் கடற்கரை ஊரிலும் பின்னர் செல்சியிலும் சோபியா பூத் என்பவருடன் வாழ்ந்தார். அவரிடம் இருந்த படங்கள் சில நாட்டுக்குச் சேராமல் தனியார் கைக்குச் சென்றிருந்தன. இவ்வுடைமைத் தொடர்பும், வண்ணங்கள் பற்றிய அறிவியல் சோதனையும் மீண்டும் ஆராயப்பட்டு, 2012 இல் மூன்றும் டர்னரின் படைப்புகளே என ஏற்கப்பட்டன. அரை நூற்றாண்டுக்குப் பின் அவை மீண்டும் காட்சிக்கு வந்தன.

நினைவு

1984 இல் நிறுவப்பட்ட டர்னர் பரிசு இவர் பெயரால் வழங்கப்படுகிறது. 2020 இல் வெளியான பிரித்தானிய 20 பவுண்டு நாணயத்தாளில் இவரது உருவமும் 'போரிடும் டெமரேர்' ஓவியமும் இடம்பெற்றுள்ளன.