காந்தியடிகள் நூற்கக் கற்றது

1909-இல் ‘இந்திய சுயராஜ்யம்’ எழுதிய காலத்தில், காந்தியடிகள் இராட்டையைக் கண்ணாலும் கண்டவரல்லர். 1915-இல் தாயகம் திரும்பி ஆசிரமம் அமைத்தார். அங்கே தறி ஓடிற்று. நூலோ ஆலையிலிருந்தே வந்தது. அவ்வடிமைத்தனம் அவரை உறுத்தியது. நூற்கக் கற்பிப்பாரோ எளிதில் கிடைத்திலர். இறுதியில் கங்காபென் என்னும் அம்மையார், பரோடா சமஸ்தானத்து வீஜாப்பூரில் பரண்களில் முடங்கிக் கிடந்த இராட்டைகளைக் கண்டறிந்தார்.

ஏறத்தாழ ஐம்பதாம் வயதில் அடிகள் நூற்கத் தொடங்கினார். வலக்கை சக்கரத்தைச் சுழற்ற, இடக்கை பஞ்சை இழுத்தல் வேண்டும். இரண்டும் இசையாவிடின் இழை அறும். அறுந்ததைப் பொருத்தி மீண்டும் இழுப்பதே பயிற்சி. பின்னர் நாள்தோறும் நூற்பதை நோன்பாகவே கொண்டார்.

தங்கவயலுக்கு வந்த நம் முன்னோரும் அறியாத தொழிலையும் அயல்மொழியையும் கற்றே வாழ்ந்தனர். பேத்தமங்களாத் தமிழ்ச் செல்வங்களே, இழை அறுந்தால் கலங்கற்க, மீண்டும் பொருத்துக!