ஐந்து பவுன் பெற்ற சிறுவன்

1891-ஆம் ஆண்டு மே மாதம் 15-ஆம் நாள் பாப்பரசர் 13-ஆம் சிங்கராயர் தொழிலாளரின் நிலைமை பற்றிய தம் புகழ்பெற்ற சுற்றுமடலை வெளியிட்டார். உழைப்பவனுக்கு வாழப் போதுமான கூலி தரப்பட வேண்டும் என்று அதில் வற்புறுத்தியிருந்தார். சரியாக நான்கு நாள் கழித்து, மே 19-ஆம் நாள், வட இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில், ஹோம்ஃபர்த் என்னும் சிற்றூரை அடுத்த அண்டர்பேங்கில் ஹரால்டு வாக்ஸ்டாஃப் பிறந்தார். இவ்விரண்டுக்கும் நேரான தொடர்பு ஏதுமில்லைதான். ஆயினும் உழைப்பவனின் கூலி என்ற கேள்வி எழுந்திராவிடில், வாக்ஸ்டாஃப் ஆடிப் புகழ் பெற்ற ஆட்டமே தோன்றியிராது. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறோம்.

ரக்பி என்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடி, எதிரணியின் கோட்டுக்கு அப்பால் தரையில் ஊன்றும் ஆட்டம். பந்தைக் கையால் முன்னோக்கி எறியக் கூடாது. பின்னால் ஓடிவரும் தோழனுக்கே கொடுக்க வேண்டும். முன்னேற விரும்புகிறவன் பின்னோக்கிக் கொடுக்க வேண்டும் என்ற இந்த விதி முதலில் எங்களுக்கு வேடிக்கையாகவே இருந்தது. செல்வந்தர் பிள்ளைகள் படித்த பள்ளிகளில் பிறந்த இவ்வாட்டம், நாளடைவில் யார்க்ஷயர், லங்காஷயர் பகுதிகளின் ஆலைத் தொழிலாளரிடமும் சுரங்கத் தொழிலாளரிடமும் பரவியது. அவர்களுக்குச் சனிக்கிழமையும் நண்பகல்வரை வேலை உண்டு. பந்தயத்துக்குப் போனால் அன்றைய கூலி போயிற்று. அந்த இழப்பை மட்டுமாவது ஈடு செய்யுங்கள் என்று வடபகுதிக் கழகங்கள் கேட்டன. ஆட்டத்துக்காகப் பணம் பெறுவது இழுக்கு என்று மேலிடத்தார் மறுத்துவிட்டனர். கூலியை நம்பி வாழாதவர்களுக்கு அவ்வாறு சொல்வது எளிது என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

1895 ஆகஸ்ட் 29-ஆம் நாள் ஹடர்ஸ்ஃபீல்டு நகரில், ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய வடபகுதிக் கழகங்கள் தனிச் சங்கம் கண்டன. வேலை இழந்த நாளுக்கு ஆறு ஷில்லிங் தரலாம் என்று விதி செய்தன. 1898-இல் ஆட்டத்துக்கே ஊதியம் தர வழி பிறந்தது; எனினும் ஆட்டக்காரன் வேறு முறையான வேலை ஒன்றில் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனையும் கூடவே இருந்தது. 1906-இல் அணிக்கு 15 பேர் என்பது 13 பேராகக் குறைக்கப்பட்டது. இதுவே பிற்காலத்தில் ரக்பி லீக் எனப் பெயர் பெற்றது.

அதே 1906-ஆம் ஆண்டு நவம்பர் 10-ஆம் நாள், பிராம்லி அணிக்கு எதிராக ஹடர்ஸ்ஃபீல்டு சார்பில் ஒரு சிறுவன் களத்தில் இறங்கினான். வயது 15 ஆண்டு, 175 நாள். தன் ஊர்க் குழுவில் ஆடிக்கொண்டிருந்த அந்தப் பையனை ஐந்து பவுன் பொற்காசு கொடுத்துக் கழகத்தார் சேர்த்துக்கொண்டிருந்தனர். நம் பள்ளியில் பத்தாம் வகுப்புப் படிக்கும் தங்கைகளின் வயதுதான்! எதிரே நின்றவர்களோ முற்றிய ஆண்கள். அடுத்த இரண்டே ஆண்டுகளில், 1909 ஜனவரி 2-ஆம் நாள், ஆஸ்திரேலியாவை எதிர்த்து இங்கிலாந்துக்காக ஆடினார் வாக்ஸ்டாஃப். அப்போதும் அவருக்கு 18 நிரம்பவில்லை.

அவர் ஆடிய இடம் நடுவரிசை. உடல் வலிமையால் மோதுவதைவிட, எதிரியைத் தன் பக்கம் இழுத்துவிட்டு, தக்க நொடியில் பந்தைத் தோழனிடம் சேர்ப்பதே அவரது கலை. இருபது வயதளவிலேயே ஹடர்ஸ்ஃபீல்டின் தலைவரானார். அவர் வழிநடத்திய அணியில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஆல்பர்ட் ரோசன்ஃபெல்டு என்ற ஓட்டக்காரர் இருந்தார். 1913-14 பருவத்தில் ரோசன்ஃபெல்டு 80 முறை பந்தைக் கோட்டுக்கு அப்பால் ஊன்றினார். இன்றுவரை யாரும் அதை எட்டியதில்லை. 1914-15 பருவத்திலோ, ஒரு கழகம் வெல்லக்கூடிய நான்கு கோப்பைகளையும் ஹடர்ஸ்ஃபீல்டே வென்றது.

ஆனால் வாக்ஸ்டாஃபின் பெயர் நிலைத்தது ஒரே ஒரு பிற்பகலால்.

1914-இல் பிரிட்டிஷ் அணி ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறியது. தலைவர் வாக்ஸ்டாஃபுக்கு வயது 23. ஜூன் 27-இல் முதல் டெஸ்ட்டை பிரிட்டன் 23-5 என வென்றது. ஜூன் 29-இல் இரண்டாவதை ஆஸ்திரேலியா 12-7 என வென்றது. மூன்றாவது பந்தயம் ஆகஸ்டில் மெல்போர்னில் நடப்பதாக இருந்தது. அது வரை காத்திருக்க உள்ளூர்ச் சங்கத்தாருக்கு மனமில்லை. ஜூலை 4-ஆம் நாளே சிட்னியில் ஆட வேண்டும் என்றனர். எட்டு நாளில் மூன்று டெஸ்ட்! ஆட்டக்காரர் பலர் காயத்துடன் கிடந்தனர். முடியாது என்று மேலாளர்கள் வாதாடி, தாய்நாட்டுக்குத் தந்தி அடித்தனர். ஏற்பாடு செய்தபடியே ஆடுக என்று பதில் தந்தி வந்தது. கடமையை நினைவூட்டிக் கடற்படைத் தளபதி நெல்சன் போர்முனையில் விடுத்த செய்தியும் அதில் சேர்க்கப்பட்டிருந்தது. அடிபட்ட கால்களுக்கு ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பாலிருந்து கட்டளை பிறந்தது. ஆட்டக்காரனின் கூலிக்காகப் பிறந்த சங்கமே ஆட்டக்காரனின் வலியை மறந்துவிட்டதே என்று இதைப் படிக்கும்போது எங்களுக்கு வருத்தம் மேலிட்டது.

மேலாளர் ஜான் கிளிஃபோர்டு 13 பேரையும் தனியே அழைத்துப் பேசினார். தம் வாழ்நாளில் எந்தப் பேச்சும் தம்மை அவ்வளவு உலுக்கியதில்லை என்று வாக்ஸ்டாஃப் பிற்காலத்தில் நினைவு கூர்ந்தார்.

சிட்னி கிரிக்கெட் மைதானத்தில் முப்பதாயிரம் பேருக்கு மேல் கூடியிருந்தனர். ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே பிராங்க் வில்லியம்ஸுக்குக் காலில் அடி. முன்வரிசை வீரர் டக்ளஸ் கிளார்க்கின் கட்டை விரல் முறிந்தது. கட்டுப் போட்டுக்கொண்டு அவர் மீண்டும் ஆடினார். அப்படியிருந்தும் இடைவேளையில் பிரிட்டன் 9-0 என முன்னணியில் இருந்தது. பிற்பகுதியில் கிளார்க்கின் காறை எலும்பும் முறிந்தது. வில்லியம்ஸால் நடக்கவே இயலவில்லை. பில்லி ஹால் தலையில் அடிபட்டு மயங்கினார். ஒருவர் காயமுற்றால் மாற்று ஆள் இறக்கும் வழக்கம் அக்காலத்தில் கிடையாது. ஆகவே பதின்மூவரை எதிர்த்துப் பத்துப் பேர்!

ஏறக்குறைய அரைமணி நேரம் அந்தப் பத்துப் பேரும் அலையலையாக வந்தவர்களை மறித்து வீழ்த்தினர், எழுந்தனர், மீண்டும் வீழ்த்தினர். தற்காத்து நிற்பதே அருமை என்ற வேளையில், வாக்ஸ்டாஃப் இடைவெளி ஒன்றைக் கண்டு பாய்ந்தார். பந்தை சிக் ஜான்சனிடம் சேர்த்தார். ஜான்சன் முன்வரிசைக்காரர், ஆள் பற்றாக்குறையால் அன்று ஓரத்தில் நிறுத்தப்பட்டவர். அவர் பந்தைத் தரையில் இட்டு, கால்பந்து வீரனைப் போல உதைத்து உருட்டியபடியே ஓடி, கோட்டுக்கு அப்பால் அதன்மேல் விழுந்தார். 14-0. கடைசிக் கட்டத்தில் ஆஸ்திரேலியர் இருமுறை எண்ணிக்கை பெற்றும் 14-6 என்றே ஆட்டம் முடிந்தது. தம் நாடு தோற்றதைக் கண்ட சிட்னி மக்களே எழுந்து நின்று ஆரவாரித்தனர்.

இந்தப் பந்தயத்துக்கு ரோர்க்ஸ் டிரிஃப்ட் டெஸ்ட் என்று பெயர் வைத்தார்கள். தென்னாப்பிரிக்காவில் 1879-இல் பிரிட்டிஷ் வீரர் சிலர் பெரும் ஜூலுப் படையை எதிர்த்து நின்ற இடத்தின் பெயர் அது. ஜூலு மக்கள் தங்கள் மண்ணுக்காகப் போராடினர் என்பதை நினைக்கையில், அப்பெயர் எங்களுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

சரியாக ஒரு மாதம் கழித்து, ஆகஸ்ட் 4-இல், பிரிட்டன் முதல் உலகப் போரில் இறங்கியது. அந்தச் சுற்றுப்பயண அணியினரில் பிரெட் லாங்ஸ்டாஃப், வால்டர் ரோமன், பில்லி ஜார்மன் ஆகிய மூவரும் 1916-இல் மாண்டனர். டக்ளஸ் கிளார்க் நச்சுப்புகையால் தாக்குண்டார். வீரப் பதக்கமும் பெற்றார். வாக்ஸ்டாஃப் இராணுவப் போக்குவரத்துப் பிரிவில் சேர்ந்து எகிப்துவரை சென்றார். கூலி வாங்கியவர் என்று ஒதுக்கப்பட்ட ரக்பி லீக்காரர்களைப் படை அணிகளில் சேர்த்துக்கொள்ள, பழைய ரக்பிச் சங்கத்தாருக்கு அப்போது தடை இருக்கவில்லை. போர் முடிந்ததும் தடை திரும்ப வந்துவிட்டது!

1920-இல் அவர் மீண்டும் அணித்தலைவராக ஆஸ்திரேலியா சென்றார். இம்முறை தொடர் 2-1 என ஆஸ்திரேலியாவுக்கே போயிற்று. நச்சுப்புகையிலிருந்து மீண்ட கிளார்க்கும் அந்தப் பயணத்தில் உடன் இருந்தார். அதே ஆண்டில் ஹடர்ஸ்ஃபீல்டு விகன் அணியை 21-10 என வென்று சவால் கோப்பையைக் கைப்பற்றியது. 1925-இல் வாக்ஸ்டாஃப் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். ஆட்டக்காரராக வேறொரு கழகத்தை அவர் நாடவே இல்லை.

1939 ஜூலை 19-ஆம் நாள், இரண்டாம் உலகப் போருக்கு ஆறு வாரம் முன்பு, தம் 48-ஆவது வயதில் அவர் காலமானார். 1988-இல் பிரிட்டனின் ரக்பி லீக் புகழ் மண்டபத்துக்கு முதன்முதலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒன்பது பேரில் அவரும் ஒருவர். ஜார்ஜ் ஹோட்டல் கூட்டம் நடந்து நூறு ஆண்டு நிறைந்த 1995-இல் பிரிட்டிஷ் அஞ்சல் துறை ஐந்து தபால்தலைகளை வெளியிட்டது. ஐந்து பவுனுக்குக் கையொப்பமிட்ட அண்டர்பேங்க் சிறுவனின் முகம் அவற்றுள் ஒன்றில் இருந்தது.