அர்ச். தோமையாரின் அஞ்சா நெஞ்சம்



செங்கற்பட்டிலிருந்து மகாபலிபுரத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்று ரதங்களையும் கடற்கரைக் கோயிலையும் காட்டாத குடும்பம் நம் பங்கில் இராது. அடுத்த முறை போகும்போது ஒன்றை அவர்களுக்குச் சொல்லுங்கள். பல்லவ அரசர்கள் அந்தப் பாறைகளில் உளி வைத்தது ஏழாம் நூற்றாண்டில். அதற்கு ஏறக்குறைய 600 ஆண்டுகளுக்கு முன்பே, பாறைகள் வெறும் பாறைகளாய் நின்ற காலத்தில், சேசுநாதரோடு உண்டு உறங்கி நடந்த ஒருவர் இந்தக் கடற்கரை நாட்டுக்கு வந்தார் என்பது நம் முன்னோர் காத்து வந்த பாரம்பரியம். அவரே அர்ச். தோமையார். அவர் உயிர் கொடுத்த இடமென்று போற்றப்படும் பரங்கிமலை 2002-ல் உண்டான நம் செங்கற்பட்டு மேற்றிராசனத்துக்குள்ளேயே இருக்கிறது. அவருடைய திருநாள் முன்பு டிசம்பர் 21-ல் வந்தது. 1969-ன் காலண்டர் மாற்றத்துக்குப் பின் ஜூலை 3-ல் கொண்டாடுகிறோம்.

இவரைச் சந்தேகத் தோமையார் என்று அழைப்பது வழக்கமாகிவிட்டது. எனக்கு அந்தப் பெயர் பிடிப்பதில்லை. ஒரு மனிதனின் வாழ்நாள் முழுவதையும் ஒரு வாரத்தின் கலக்கத்தைக் கொண்டு அளப்பது நீதியா? அர்ச். அருளப்பர் எழுதிய சுவிசேஷத்தைத் திறந்து பாருங்கள். அதில் இவர் வாய் திறந்து பேசும் முதல் இடம் சந்தேகமல்ல, துணிவு.

லாசர் நோயாய்க் கிடக்கிறான் என்ற செய்தி வந்த சமயம். பெத்தானியா எருசலேமுக்கு மிக அருகில் உள்ள ஊர். சற்று முன்தான் அங்குள்ளவர்கள் ஆண்டவரைக் கல்லால் எறியத் தேடினார்கள். திரும்பவும் யூதேயாவுக்குப் போவோம் என்று ஆண்டவர் சொன்னவுடன் சீஷர்கள் தயங்கினார்கள். கல்லெறியை நினைவூட்டித் தடுக்கப் பார்த்தார்கள். அப்போது தோமையார் மற்றவர்களைப் பார்த்து, நாமும் போய் அவரோடே சாவோம் என்ற கருத்தில் பேசினார். வெற்றி கிடைக்கும் என்று அவர் சொல்லவில்லை, பாருங்கள். சாவுதான் கிடைக்கும் என்று எண்ணியே புறப்பட்டார். வெல்வோம் என்று தெரிந்து போருக்குப் போகிறவனைவிட, தோற்போம் என்று எண்ணியும் தன் தலைவனை விடாதவன் பெரிய வீரன் என்று நான் நினைக்கிறேன்.

இராப்போசன இரவிலும் அவர் மனதில் ஒன்றும், வாயில் ஒன்றுமாக இருக்கவில்லை. ஆண்டவர் தாம் போகும் வழியைப்பற்றிப் பேசினபோது எல்லோரும் புரிந்ததுபோல் இருக்க, தமக்குப் போகும் இடமே தெரியாதே, வழி எப்படித் தெரியும் என்று கேட்டவர் அவர்தான். ஞானோபதேச வகுப்பில் புரியாததைக் கேட்கும் பிள்ளையை அதட்டுகிற நம்மைப் போன்ற குருக்களும் பெற்றோரும் இதைக் கவனிக்க வேண்டும். ஆண்டவர் அவரை அதட்டவில்லை. தாமே வழியும் உண்மையும் சீவியமுமாய் இருக்கிறதை அந்தக் கேள்விக்கு மறுமொழியாகவே வெளிப்படுத்தினார்.

பிறகு அந்தப் பயங்கர வெள்ளிக்கிழமை. சாவோம் என்று சொன்னவரும் ஓடினார். இதை மறைக்க வேண்டியதில்லை. உயிர்த்த ஞாயிறன்று மாலை மற்றவர்கள் கதவைப் பூட்டி உள்ளே இருந்தபோது தோமையார் மட்டும் அங்கே இல்லை. ஆண்டவரைக் கண்டோம் என்று பத்துப்பேர் சொன்னார்கள். ஆணித் தழும்பையும் விலாவின் காயத்தையும் தொட்டாலொழிய நம்பமாட்டேன் என்று நின்றுவிட்டார். எட்டு நாள் அப்படியே இருந்தார். அந்த எட்டு நாளையும் சற்று நினைத்துப் பாருங்கள். சுற்றிலும் எல்லோரும் சந்தோஷப்பட, தன் நெஞ்சு மட்டும் கல்லாய்க் கிடக்கும் வேதனை லேசானதல்ல. வீட்டில் ஒரு சாவு விழுந்த பிறகு, செபமாலை கையில் இருந்தும் வாயில் வராத இரவுகள் உங்களில் பலருக்குத் தெரியும். அந்த நிலையிலும் அவர் சபையை விட்டுப் போகவில்லை. நம்பிக்கை வராதபோதும் நம்பினவர்களோடேயே இருந்தார். எட்டாம் நாள் ஆண்டவர் வந்தபோது அவர்கள் நடுவில்தான் இருந்தார். பசாசோடு செய்கிற யுத்தத்தில் பாதி வெற்றி இப்படி இடத்தை விட்டு அசையாமல் இருப்பதுதான். தழும்புகளைக் கண்டவுடன் சேசுநாதரைத் தம் ஆண்டவரென்றும் தம் தேவனென்றும் அறிக்கையிட்டார்.

பிற்பாடு திபேரியாக் கடலில் இராயப்பர் மீன் பிடிக்கப் போனபோது கூடப் போன ஆறுபேரில் இவரும் ஒருவர். இரவு முழுதும் வலையிழுத்து ஒன்றும் அகப்படாத அந்த அனுபவம் கோவளத்திலும் சதுரங்கப்பட்டினத்திலும் உள்ள நம் செம்படவக் குடும்பங்களுக்கு நன்றாய் விளங்கும்.

அதன்பின் நடந்தவற்றை வேதாகமம் சொல்லவில்லை. மூன்றாம் நூற்றாண்டில் சீரிய மொழியில் எழுந்த தோமையார் நடபடிகள் என்ற நூல் ஒரு கதை சொல்லுகிறது. திருச்சபை அதை வேதமாக ஏற்கவில்லை. ஆனாலும் கதை அழகானது. அப்போஸ்தலர்கள் சீட்டுப் போட்டதில் தோமையாருக்கு இந்தியா விழுந்ததாம். அவர் மாட்டேன் என்றாராம். எபிரேயனாகிய தான் இந்தியருக்கு எப்படிப் போதிப்பது என்று பின்வாங்கினாராம். ஆண்டவர் அவரை அப்பான் என்ற வர்த்தகனுக்குத் தச்சு வேலைக்காரனாக விற்றுவிட்டாராம். கொந்தோபரஸ் என்ற அரசன் மாளிகை கட்டக் கொடுத்த பணத்தை இவர் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, மாளிகை பரலோகத்தில் எழும்பியிருக்கிறது என்று அரசனிடமே சொன்னாராம். இப்படி ஓர் அரசன் இருந்ததே கட்டுக்கதை என்று முன்பு பலர் எண்ணினார்கள். 19-ம் நூற்றாண்டில் இந்தியாவின் வடமேற்கு எல்லைப் பக்கத்தில் அவன் பெயர் பொறித்த காசுகள் கிடைத்தன.

நம் தென்னாட்டுப் பாரம்பரியம் வேறு வழியாய் வருகிறது. மிளகு வாங்க ரோமாபுரிக் கப்பல்கள் வந்த மலையாளக் கரையில், கொடுங்கல்லூரில், அவர் கி.பி. 52-ல் இறங்கினார். அங்கே சபைகளை உண்டாக்கி, பின் கிழக்கே வந்து மயிலாப்பூரில் போதித்தார். பகை மூண்டபோது சின்னமலைக் கெபியில் தங்கியிருந்தார். கி.பி. 72-ல் பெரியமலையின் உச்சியில் செபத்தில் இருக்கும்போது ஈட்டியால் குத்துண்டு வேதசாட்சியானார்.

குத்தினவர் யார் என்பதைப் பலர் பலவிதமாய்ச் சொல்லுகிறார்கள். 13-ம் நூற்றாண்டின் இறுதியில் நம் நாட்டுப் பக்கம் வந்த மார்க்கோ போலோ கேட்ட கதையில் கொலையே இல்லை. மயில்கள் சூழச் செபித்துக்கொண்டிருந்தவர்மேல், மயிலுக்கு எய்த வேடனுடைய அம்பு தவறிப் பட்டுவிட்டதாம். ஆகையால் இந்தச் சாவை வைத்துக்கொண்டு எந்தக் குலத்தாரையும் அயலாரையும் குறை பேசுவது கிறிஸ்தவர்களுக்கு அழகல்ல. விலாக் காயத்தில் கையிட விரும்பினவருக்குக் கடைசியில் ஆயுதக் காயமே கிடைத்தது என்பதை மட்டும் நான் பல தடவை தியானித்திருக்கிறேன். பூந்தமல்லி குருமடத்தில் படித்த நாளில் பரங்கிமலைப் படிகளில் மூச்சிரைக்க ஏறும்போதெல்லாம் இந்த நினைவு வரும்.

அந்த மலைக்கோயில் பீடத்திலுள்ள கற்சிலுவையை நீங்கள் முத்தி செய்திருப்பீர்கள். 1547-ல் போர்த்துக்கீசர் கோயிலுக்காகத் தோண்டினபோது அகப்பட்டது அது. அதைச் சுற்றியுள்ள எழுத்து பாரசீகத்தின் பகலவி எழுத்து. அறிஞர் பலர் அதைப் பல்லவர் காலத்தை ஒட்டியதாகவே கணிக்கிறார்கள். அப்படியானால் மாமல்லபுரத்தில் உளிச் சத்தம் கேட்ட காலத்தை ஒட்டியே, இதே கரையில் கிறிஸ்தவர்கள் சிலுவையும் செதுக்கினார்கள். அடியார்கள் ஏறும் படிகளைக் கட்டுவித்தவர் உஸ்கான் என்னும் அர்மேனிய வர்த்தகர்.

அவருடைய எலும்புகள் வெகு சீக்கிரமே எதேசா நகருக்குப் போய்விட்டன. 4-ம் நூற்றாண்டில் அர்ச். எப்ரேம் அங்கே அவற்றின் புகழைப் பாடினார். அங்கிருந்து கியோஸ் தீவுக்கும், 1258-ல் இத்தாலியிலுள்ள ஓர்த்தோனாவுக்கும் கொண்டுபோகப்பட்டன. மயிலாப்பூரில் எஞ்சியிருந்தது பெரும்பாலும் கல்லறையும் மண்ணும்தான். அந்த மண்ணையே அடியார்கள் நோயாளிகளுக்காக எடுத்துச் சென்றார்கள் என்று மார்க்கோ போலோ எழுதிவைத்தார்.

1545-ம் ஆண்டு ஏப்ரலில் அந்தக் கல்லறைக்கு ஒருவர் வந்தார். முத்துக்குளித்துறையில் ஆயிரமாயிரமாய் ஞானஸ்நானம் கொடுத்துக் கை சோர்ந்த அர்ச். சவேரியார். இனி எங்கே போவது என்று அவருக்குத் தெரியவில்லை. இங்கேயே இருப்பதா, கீழ்த்திசைத் தீவுகளுக்குப் போவதா என்ற கலக்கம். பங்குக் குருவாயிருந்த காஸ்பர் கொயெல்லோ சுவாமியார் வீட்டில் தங்கி, இராக் காலத்தில் எழுந்து தனியே கல்லறைக் கோயிலில் செபித்து வந்தார். ஓர் இரவு பசாசுகள் அவரை அடித்து வதைத்ததாகவும், அவர் தேவமாதாவைக் கூவியழைத்ததாகவும், பிறகு நோவோடு படுக்கையில் கிடந்ததாகவும் அவர் சரித்திரத்தை எழுதினவர்கள் சொல்லுகிறார்கள். எழுந்து நடக்க முடிந்தவுடன் அவர் செய்தது என்ன தெரியுமா? இராத்திரியில் மறுபடியும் அதே கோயிலுக்கு, அதே கல்லறைக்குச் செபிக்கப் போனார்.

சுமார் நான்கு மாதம் அப்படி இருந்தார். போகவேண்டிய இடம் அவருக்குத் தெளிவாயிற்று. அந்த வருஷமே மயிலாப்பூரிலிருந்து மலாக்காவுக்குக் கப்பல் ஏறினார்.