பிழையைத் தேடிய பெருமாட்டி – கிரேஸ் ஹாப்பர்



கம்ப்யூட்டர் என்றதும் நம் நினைவுக்கு வருகிறவர்கள் பில் கேட்ஸ், ஸ்டீவ் ஜாப்ஸ் போன்ற பெரும் பணக்காரர்கள். ஆனால் நம் லேபில் தினம் தினம் நாம் படும் அவஸ்தையை நமக்கு முன்னாலேயே பட்டு, அதற்கு வழியும் கண்டுபிடித்து வைத்துவிட்டுப் போன ஒருவரை நம்மில் பலருக்குத் தெரியாது. அவர் ஒரு பெண். கணிதப் பேராசிரியை. பிறகு கடற்படை அதிகாரி. பெயர் கிரேஸ் ஹாப்பர். புரோகிராமில் பிழை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை அவருடைய வாழ்க்கையே சொல்லும். அதனால்தான் இந்த ஆண்டு மலரில் அவரைப் பற்றி எழுத ஆசைப்பட்டேன்.

ஏழு கடிகாரங்கள்

1906-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் தேதி அமெரிக்காவின் நியூயார்க் நகரில் கிரேஸ் பிறந்தார். ஏழு வயதில், அலாரம் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க ஒன்றைக் கழற்றினார். திரும்ப மாட்டத் தெரியவில்லை. சரி, அடுத்ததைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்று அதையும் கழற்றினார். இப்படியே வீட்டில் இருந்த ஏழு கடிகாரங்களும் பாகம் பாகமாகத் தரையில் கிடந்தன. நம்ம வீடாக இருந்தால் முதுகு பழுத்திருக்கும்! அவருடைய அம்மா அடிக்கவில்லை. இனிமேல் ஒரே ஒரு கடிகாரத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஆராய்ச்சி செய் என்று சொல்லிவிட்டார்.

அந்த அம்மா போட்ட சட்டம் நம் லேபுக்கும் பொருந்தும். விண்டோஸ் பாரத்தில் பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை என்று வையுங்கள். பலர் என்ன செய்கிறார்கள்? பட்டனின் பெயரை மாற்றுகிறார்கள், நாலு வரியை அழிக்கிறார்கள், பக்கத்து சிஸ்டத்திலிருந்து பத்து வரியைக் கொண்டுவந்து ஒட்டுகிறார்கள். கடைசியில் எதனால் எது கெட்டது என்று பிரம்மாவுக்கும் தெரியாது. அதற்குப் பதிலாக, புதிதாக ஒரு பாரம் திறந்து, ஒரே ஒரு பட்டன் வைத்து, அழுத்தினால் ஒரு மெசேஜ் பாக்ஸ் மட்டும் வருகிற மாதிரி செய்து பாருங்கள். அது வேலை செய்தால், பழைய பாரத்தில் பட்டனின் கிளிக் ஈவெண்டோடு நம் கோடு இணைந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் பாக்கி. ஒரு நேரத்தில் ஒரு கடிகாரம். அவ்வளவுதான்.

இடம் கிடைக்காத மாணவி

மேதைகள் எல்லாம் எடுத்த எடுப்பிலேயே ஜெயித்தவர்கள் என்று நினைக்க வேண்டாம். கிரேஸ் 16 வயதில் வாசர் கல்லூரிக்கு விண்ணப்பித்தார். லத்தீன் தேர்வில் மதிப்பெண் போதவில்லை என்று இடம் கிடைக்கவில்லை. ஓராண்டு காத்திருந்து, மறுபடி படித்து, அதே கல்லூரியில் சேர்ந்தார். 1928-இல் கணிதம், இயற்பியல் பாடங்களில் பட்டம் பெற்றார். யேல் பல்கலைக்கழகத்தில் 1930-இல் முதுகலையும் 1934-இல் கணிதத்தில் டாக்டர் பட்டமும் வாங்கினார். தனக்கு இடம் மறுத்த வாசர் கல்லூரியிலேயே பேராசிரியை ஆனார். அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கவும்!

இரண்டாம் உலகப் போர் வந்தது. கடற்படையில் சேரப் போனார் கிரேஸ். வயது அதிகம் என்றார்கள். எடையும் இருக்க வேண்டியதைவிடச் சுமார் 7 கிலோ குறைவு. அவர் விடவில்லை. விசேஷ அனுமதி வாங்கி 1943-இல் சேர்ந்தார். பயிற்சியில் முதலிடம் பெற்று, 1944-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த மார்க்-1 என்ற ராட்சதக் கணிப்பொறிக்கு அனுப்பப்பட்டார்.

அந்த மெஷின் 51 அடி நீளம், 8 அடி உயரம், சுமார் 5 டன் எடை. ஆனால் ஒரு நொடிக்கு மூன்று கூட்டல்தான் செய்யும்! கட்டளைகளைக் காகித நாடாவில் துளைகளாகப் போட்டுக் கொடுக்க வேண்டும். ஒரு துளை இடம் மாறினால் விடை முழுக்கத் தப்பு. அந்த மெஷினுக்கு 500 பக்கங்களுக்கு மேல் ஒரு கையேடு தேவைப்பட்டது. அதை எழுதும் பொறுப்பையும் அவரே ஏற்றார். 1946-இல் அது புத்தகமாக வெளிவந்தது.

ரிலேயில் சிக்கிய பூச்சி

இப்போது எல்லோருக்கும் தெரிந்த கதைக்கு வருகிறேன். 1947 செப்டம்பர் 9-ஆம் தேதி, மார்க்-2 என்ற அடுத்த கணிப்பொறி தகராறு செய்தது. தேடிப் பார்த்தால் எப் பேனலில் 70-ஆம் எண் ரிலேயில் ஒரு அந்துப்பூச்சி சிக்கிக் கிடந்தது. அதை எடுத்து, மெஷினின் குறிப்பேட்டில் டேப் போட்டு ஒட்டி, மாலை 3.45 என்று நேரமும் போட்டு, உண்மையான பூச்சியே கிடைத்துவிட்டது என்று வேடிக்கையாகக் குறித்து வைத்தார்கள். அந்தப் பக்கம் பூச்சியோடு இன்றைக்கும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பலர் சொல்வதுபோல் பக் என்ற சொல்லை ஹாப்பர் அம்மையார் உண்டாக்கவில்லை. எடிசனே 1878-இல் எழுதிய கடிதத்தில் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறார். பூச்சியைப் பிடித்ததும் ஹாப்பர் அல்ல, அவருடன் வேலை செய்தவர்கள்தான். அவர் அந்தக் கதையை ஊர் ஊராகச் சொல்லிப் புகழ்பெற வைத்தார்.

ஆனால் எனக்கு இதில் பூச்சியைவிடக் குறிப்பேடுதான் முக்கியமாகப் படுகிறது. நம் ரெக்கார்டு நோட்டை எடுத்துப் பாருங்கள். நோக்கம், செய்முறை, புரோகிராம், அவுட்புட், கடைசியில் வெற்றிகரமாகச் சரிபார்க்கப்பட்டது என்று ஒரு வரி. வந்த பிழை ஒன்றுகூட அதில் இருக்காது. அவர்களோ எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, என்ன கோளாறு என்று வெட்கப்படாமல் எழுதினார்கள். ஆதாரத்தையும் ஒட்டினார்கள்!

இதை நான் சும்மா சொல்லவில்லை. முதலாம் ஆண்டில் என்னோடு சேர்ந்த ஒரு நண்பன், தமிழ் மீடியத்தில் நல்ல மார்க் எடுத்து வந்தவன். திரையில் சிவப்புக் கோடும் இங்கிலீஷ் வரியும் வரும்போதெல்லாம் இது நமக்கு வராதுடா என்பான். புரோகிராமில் தப்பு என்று சொல்லமாட்டான், தன் மேலேயே தப்பு என்பான். இரண்டாவது செமஸ்டரில் லேபுக்கு வருவதைக் குறைத்தான். பிறகு படிப்பையே நிறுத்திவிட்டு வேலைக்குப் போய்விட்டான்.

எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். அவருக்குப் புரோகிராம் தெரியாது. ஆனால் பாவில் இழை அறுந்தால் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். தறியை நிறுத்துவார், அறுந்த இடத்தைத் தேடுவார், முடிச்சுப் போடுவார், மறுபடி ஓட்டுவார். நமக்குத் தறி வராது என்று ஒருநாளும் சொன்னதில்லை. இழை என்றால் அறுகத்தான் செய்யும். புரோகிராமும் அப்படித்தான். இதை அந்த நண்பனுக்கு அப்போதே யாராவது சொல்லியிருக்கலாம்.

பார்த்து எழுதினால் வரும் வினை

1949-இல் ஹாப்பர், யூனிவாக் கணிப்பொறியைத் தயாரித்த கம்பெனியில் சேர்ந்தார். அந்தக் காலத்தில் சைன், காஸ் போன்ற கணக்குகளுக்குச் சிறு சிறு புரோகிராம்களை நோட்டில் எழுதி வைத்திருப்பார்கள். தேவைப்பட்டவர் அதைப் பார்த்துத் தன் புரோகிராமில் எழுதிக்கொள்வார். படித்த மேதாவிகளுக்கே பார்த்து எழுதுவதில் குளறுபடி வந்தது. பி என்ற ஆங்கில எழுத்து 13 என்று மாறிவிடும்! அலுக்காமல் பார்த்து எழுதக்கூடிய ஒரு மெஷின் பக்கத்திலேயே இருக்கும்போது மனிதன் ஏன் அதைச் செய்ய வேண்டும் என்று ஹாப்பர் யோசித்தார். 1952-இல் ஏ-0 என்ற கம்பைலரை ஓட்டிக் காட்டினார். வேண்டிய சிறு புரோகிராம்களின் எண்களைக் கொடுத்தால், அது நூலகத்திலிருந்து தானே எடுத்துச் சேர்த்துவிடும். இன்று லிங்கர் செய்கிற வேலைக்கு நெருக்கமானது அது. ஓடுகிற கம்பைலர் கையில் இருந்தும், கணிப்பொறி கணக்குத்தான் போடும், புரோகிராம் எழுதாது என்று சொல்லி முதலில் யாரும் அதைத் தொடவில்லை.

அந்த 13 இன்றும் நம்மை விடவில்லை. வெப் பக்கத்தில் படத்தின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதிவிட்டு, பைலைச் சின்ன எழுத்தில் வைத்தால் விண்டோஸ் கண்டுகொள்ளாது, படம் தெரியும். அதையே லினக்ஸ் சர்வரில் ஏற்றினால் 404 என்று வரும். லினக்ஸுக்கு அவை இரண்டும் வேறு வேறு பெயர்கள். அதேபோல் நம் சிஸ்டத்தில் ஜோராக ஓடிய விண்டோஸ் புரோகிராம், நண்பனின் சிஸ்டத்தில் ஏதோ ஒரு டி.எல்.எல். காணவில்லை என்று நிற்கும். புரோகிராம் கெடவில்லை. அது கூப்பிடும் நூலகப் பைல் அங்கே இல்லை, அவ்வளவுதான். அதையும் சேர்த்து நிறுவினால் ஓடும்.

மெஷினுக்கு எந்த மொழியும் ஒன்றுதான்

அடுத்து, கட்டளைகளைச் சாதாரண ஆங்கிலச் சொற்களிலேயே எழுதலாம் என்றார் ஹாப்பர். கணிப்பொறிக்கு ஆங்கிலம் புரியாது என்றார்கள் மேலதிகாரிகள். அவர் ஆங்கிலத்தில் ஒரு சின்ன புரோகிராம் ஓட்டிக் காட்டினார். பிறகு அதே சொற்களைப் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் மாற்றிக் காட்டினார். அதிகாரிகள் மிரண்டுபோனார்கள். மெஷினுக்கு எந்தச் சொல்லும் வெறும் அடையாளம்தான் என்பதை அவர்களுக்குப் புரிய வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

தமிழ் மீடியம் நண்பர்களே, இதைக் கவனியுங்கள். கம்ப்யூட்டருக்கு இங்கிலீஷும் தெரியாது, தமிழும் தெரியாது. பிழைச் செய்தியில் வரும் ஆங்கிலம் இலக்கியம் அல்ல, திரும்பத் திரும்ப வரும் ஐம்பது அறுபது சொற்கள்தான். அகராதி வைத்துப் படித்தால் ஒரு மாதத்தில் பழகிவிடும். முதலில் பைலின் பெயரையும் வரி எண்ணையும் பாருங்கள். திரை நிறையப் பிழை வந்தாலும் முதல் பிழையை மட்டும் சரிசெய்யுங்கள். சி-யில் ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனால்கூட இருபது பிழை காட்டும். போட்டதும் இருபதும் மறைந்துவிடும்!

அவர் குழு உருவாக்கிய புளோமேட்டிக் மொழியைப் பெரிதும் தழுவி, 1959-இல் ஒரு கூட்டுக் குழு கோபால் என்ற மொழியை வடிவமைக்கத் தொடங்கியது. (நம்ம ஊர் கோபால் இல்லைங்க!) 1960 டிசம்பரில், இரண்டு வெவ்வேறு கம்பெனிகளின் கணிப்பொறிகளில் ஏறக்குறைய ஒரே கோபால் புரோகிராம் ஓடிக் காட்டியது. அந்த மொழியில் எழுதிய புரோகிராம்கள் இன்றும் பல வங்கிகளில் ஓடுகின்றன.

ஒரு அடிக் கம்பி

1966-இல் கடற்படை அவருக்கு ஓய்வு கொடுத்தது. 1967-இல் ஆறு மாத வேலை என்று திரும்பக் கூப்பிட்டது. அந்த ஆறு மாதம் 19 வருடமாக நீண்டது! 1986-இல் ரியர் அட்மிரலாக ஓய்வு பெற்றபோது அவருக்கு வயது 79. அதன் பிறகும் சும்மா இருக்காமல் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் ஆலோசகராகச் சேர்ந்தார்.

கூட்டங்களில் பேசப் போனால் கேட்பவர்களுக்குச் சுமார் 30 செ.மீ. நீளக் கம்பித் துண்டு ஒன்று கொடுப்பார். ஒரு நானோ நொடியில் மின்சாரம் அதிகபட்சம் போகக்கூடிய தூரம் அது. மைக்ரோ நொடிக்கு ஏறக்குறைய 300 மீட்டர் கம்பிச் சுருளையே தூக்கிக் காட்டுவார். நேரத்தை வீணாக்கும் புரோகிராமர் அதைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும் என்று கேலியும் செய்வார். வெப் பக்கம் ஆமை வேகத்தில் வந்தால் நாமும் அந்தச் சுருளை நினைக்கலாம். லூப்புக்குள் ஒவ்வொரு சுற்றுக்கும் டேட்டாபேஸைத் தனித்தனியாகக் கேட்கிறோமா என்று பார்த்து, ஒரே கேள்வியில் மொத்தமாக வாங்கினால் பக்கம் ஓடி வரும்.

வழக்கம் என்பதற்காகவே ஒன்றைச் செய்வது அவருக்குப் பிடிக்காது. இதை உணர்த்த, எதிர்த்திசையில் சுற்றும் கடிகாரம் ஒன்றை அலுவலகச் சுவரில் மாட்டியிருந்தார். 1992 ஜனவரி 1-ஆம் தேதி, 85-ஆவது வயதில் காலமானார். ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டார். ஒரு போர்க்கப்பலுக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது. 2016-இல் அமெரிக்க அரசின் உயர்ந்த சிவிலியன் விருதும் அவர் பெயருக்கு வழங்கப்பட்டது.

ஜூனியர் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். ரெக்கார்டு நோட்டோடு இன்னொரு நாற்பது பக்க நோட்டும் வாங்குங்கள். தேதி, நேரம், திரையில் வந்த வரி, எதை மாற்றினோம், என்ன ஆயிற்று என்று எழுதுங்கள். அதற்கு மார்க் கிடையாது. யாரும் கையெழுத்துப் போடமாட்டார்கள். ஆனால் அடுத்த வாரம் பக்கத்து சீட்டில் ஒருவன் இது நமக்கு வராதுடா என்று சொன்னால், அந்த நோட்டைத் திறந்து அவன் முன்னால் வையுங்கள்.