சி. கொண்டையராஜு

சி. கொண்டையராஜு (1898–1976) தமிழகத்தின் புகழ்பெற்ற நாட்காட்டி ஓவியர் ஆவார். சென்னையில் பிறந்த இவர், வாழ்வின் பிற்பகுதியைக் கோவில்பட்டியில் கழித்தார். இவர் தீட்டிய தெய்வ உருவங்கள் சிவகாசி அச்சகங்களின் வழியாகக் கடைகளுக்கும் வீடுகளுக்கும் பரவின. கஜேந்திர மோட்சம், மீனாட்சி கல்யாணம் ஆகியன இவரது படைப்புகளுள் பெரிதும் அறியப்பட்டவை. இவரது பெயரை அறியாதவர்கள்கூட இவரது படத்தின் முன் விளக்கேற்றியிருக்க வாய்ப்பு உண்டு.

இளமை

மயிலாப்பூரில் பிறந்த கொண்டையராஜு, சென்னை ஓவியக் கல்லூரியில் முறையாக ஓவியம் பயின்றார். ஒளி, நிழல், உடற்கூறு, தொலைவுத் தோற்றம் ஆகியவற்றை மேற்கத்திய முறையில் கற்பித்த நிறுவனம் அது. கல்வி முடிந்த பின் இவரது நாட்டம் ஆன்மிகத்தின் பக்கம் திரும்பியது. திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் ஆசிரமத்தில் சில காலம் தங்கி, மகரிஷியின் உருவத்தையும் ஓவியமாகத் தீட்டினார். இவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. துறவிக்குரிய எளிமை இவரிடம் இறுதிவரை இருந்தது.

நாடகத் திரைகள்

அடுத்து இவர் ஈடுபட்டது நாடக மேடையில். அக்காலத்து நாடகக் குழுக்கள் ஊர் ஊராகச் சென்று மாதக்கணக்கில் தங்கி நாடகம் நடத்தின. அரண்மனை, காடு, நந்தவனம், கடைத்தெரு, கயிலாயம் என ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு திரை தேவைப்பட்டது. அத்தகைய குழு ஒன்றில் கொண்டையராஜு திரை ஓவியராகப் பணியாற்றினார். கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவருக்கும் காட்சி இன்னது என்று உடனே விளங்க வேண்டும். விளங்காவிட்டால் திரை தோற்றது என்று பொருள். பிற்காலத்தில் இவர் தீட்டிய படங்களில் தெய்வங்களுக்குப் பின்னால் காணப்படும் தூண்கள், தாமரைத் தடாகங்கள், தொலைவில் தெரியும் மலைகள் எல்லாம் இந்தப் பயிற்சியின் விளைவு எனக் கருதலாம்.

1940களின் தொடக்கத்தில் அந்தக் குழு கோவில்பட்டியில் கலைந்தது. கொண்டையராஜு சென்னைக்குத் திரும்பவில்லை. கோவில்பட்டியிலேயே தங்கி, தேவி ஆர்ட் ஸ்டூடியோ என்னும் ஓவியக்கூடத்தை நிறுவினார். கலைந்த நாடகக் குழு இவரை விட்டுச் சென்ற இடம் சிவகாசிக்கு அருகில் அமைந்தது தற்செயலே. ஆனால் அந்தத் தற்செயலே இவரது பிற்கால வாழ்க்கையைத் தீர்மானித்தது.

சிவகாசியும் அச்சுத் தொழிலும்

கோவில்பட்டி அன்று திருநெல்வேலி மாவட்டத்திலும், சிவகாசி இராமநாதபுரம் மாவட்டத்திலும் இருந்தன. (சிவகாசி 1985 முதல் இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் உள்ளது.) ஒரே பகலில் போய்த் திரும்பிவிடலாம். இரண்டும் மழை குறைந்த கரிசல் பூமியைச் சேர்ந்தவை. இரண்டிலும் தீப்பெட்டித் தொழில் வேரூன்றியிருந்தது. 1920களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்று வந்தனர். பின்னர் பட்டாசுத் தொழிலும் தோன்றியது. தீப்பெட்டிக்கும் வேண்டும் லேபிள், பட்டாசுக்கும் வேண்டும் லேபிள். இத்தேவையை நிறைவுசெய்யவே சிவகாசியில் அச்சகங்கள் பெருகின. லேபிள் அச்சிட்ட பொறிகளே பின்னர் நாட்காட்டிகளையும் அச்சிட்டன.

தெய்வப் படங்களை வண்ணத்தில் அச்சிடுவது இந்தியாவுக்குப் புதிதன்று. ரவி வர்மா 1894 ஆம் ஆண்டிலேயே பம்பாய்க்கு அருகே கல்லச்சுக் கூடம் அமைத்திருந்தார். ஆனால் ரவி வர்மாவின் படங்கள் விலைக்கு விற்கப்பட்டவை. சிவகாசி நாட்காட்டியோ கடைக்காரர் தம் வாடிக்கையாளருக்கு இலவசமாகக் கொடுப்பது. அதாவது படத்தைத் தேர்ந்தெடுப்பவர் ஒருவர், வழிபடுபவர் வேறொருவர்.

மாதிரி ஆல்பம்

இத்தொழிலின் அச்சாணி மாதிரி ஆல்பம் ஆகும். வரும் ஆண்டுக்கான படங்கள் அனைத்தையும் ஒரு தொகுப்பாகக் கட்டி, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து, அளவு, தாள், விலை ஆகிய விவரங்களுடன் அச்சகத்தார் வெளியிடுவர். ஆடிப்பெருக்கு நாளில் பூசையிட்டு ஆல்பம் வெளியிடுவது சிவகாசியில் வழக்கமாகியுள்ளது. முகவர்கள் இதைச் சுமந்துகொண்டு ஜவுளிக்கடை, நகைக்கடை, அரிசி மண்டி, மருந்துக்கடை என ஏறி இறங்குவர். கடைக்காரர் பக்கங்களைப் புரட்டி ஓர் எண்ணைக் குறிப்பார். தம் கடையின் பெயரையும் முகவரியையும் எழுதிக் கொடுப்பார். தை பிறக்கும் முன் நாட்காட்டிகள் கட்டுக்கட்டாக வந்து சேரும்.

சிறு வணிகருக்கு இது கட்டுப்படியானதற்கு ஒரு காரணம் உண்டு. பல வண்ணப் படத்துக்கு நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளுக்கும் தனித்தனித் தகடுகள் தேவை. அந்தச் செலவு ஆயிரக்கணக்கான பிரதிகள் அச்சிட்டால்தான் தாங்கும். எனவே படத்தை மட்டும் மொத்தமாக அச்சிட்டு, அதன் கீழே ஒரு பட்டை அளவு இடத்தை வெறுமையாக விடுவர். கடையின் பெயர் பின்னர் ஒற்றை நிறத்தில் தனியே அச்சாகும். ஆகவே சில நூறு பிரதிகள் மட்டும் வேண்டும் கடைக்காரரும், பெரிய நிறுவனம் வாங்கும் அதே படத்தை வாங்க முடிந்தது. ஒரே இலட்சுமி திருநெல்வேலியில் ஒரு நகைக்கடைக்கும் ஈரோட்டில் ஒரு மண்டிக்கும் விளம்பரமாக நிற்பது இவ்வாறுதான்.

தெய்வப் படங்களையே கடைக்காரர்கள் விரும்பியதற்குப் பக்தி மட்டும் காரணமன்று. ஆண்டு முடிந்ததும் நாட்காட்டி குப்பைக்குப் போகும். சாமி படத்தைக் குப்பையில் போட எவருக்கும் மனம் வராது. நாள்தாள் தீர்ந்த பின்னும் படம் சுவரிலேயே இருக்கும், கூடவே கடையின் பெயரும் இருக்கும்.

ஓவிய முறை

இந்தச் சூழலுக்கு ஏற்ற ஓவியராகக் கொண்டையராஜு விளங்கினார். இவரது தெய்வங்கள் பெரும்பாலும் பார்ப்பவரை நேராக நோக்குகின்றன. முகம் வட்டமாகவும் கண்கள் பெரியனவாகவும் சாந்தமாகவும் உள்ளன. உக்கிர வடிவங்கள் மங்கலத்தை விரும்பும் கடைச் சுவருக்குப் பொருந்தா. ஆல்பத்தில் ஒரு பக்கத்துக்குக் கடைக்காரர் ஒதுக்கும் நேரம் சில நொடிகளே. அதற்குள் முருகன் முருகனாகத் தெரிய வேண்டும். அதே படம் ஓராண்டு முழுவதும் வீட்டில் தொங்கினாலும் சலிக்கக் கூடாது. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணான தேவைகள். முதல் தேவையை நிறைவேற்றிய ஓவியர்கள் பலர் இருந்தனர். இரண்டையும் சேர்த்து நிறைவேற்றியதே கொண்டையராஜுவின் தனிச்சிறப்பு எனலாம்.

மீனாட்சி கல்யாணத்தில் திருமால் தங்கையின் கையைச் சிவபெருமானிடம் ஒப்படைக்கும் காட்சி அமைந்துள்ளது. மதுரைக் கோயிலின் கம்பத்தடி மண்டபத்தில் இதே காட்சி சிற்பமாக உள்ளது. மதுரைக்குச் சென்று வந்தவருக்கு அது முன்பே பழக்கமான காட்சி. 1955 ஆம் ஆண்டைச் சேர்ந்த கஜேந்திர மோட்சத்தில் அபயக் குரல் எழுப்பும் யானைக்கு உதவ வரும் திருமாலைக் காணலாம். இந்து சமயப் படங்களே மிகுதி எனினும், கிறித்தவ, இசுலாமியப் படங்களையும் இவர் வரைந்துள்ளார்.

மாணவர்களும் கையொப்பமும்

டி. எஸ். சுப்பையா, டி. எஸ். அருணாசலம், எம். இராமலிங்கம், எஸ். மீனாட்சிசுந்தரம், எம். சீனிவாசன், செண்பகராமன் முதலியோர் இவரிடம் பயின்றவர்கள். ஓவியக்கூடம் ஒரு குருகுலம் போல இயங்கியது. பல படங்களில் கொண்டையராஜுவின் பெயரும் சுப்பையாவின் பெயரும் இணைந்தே காணப்படுகின்றன. மாணவரின் பெயரைத் தம் பெயருக்குப் பக்கத்தில் இடம்பெறச் செய்த ஆசிரியர்கள் அரியர் என்பது குறிப்பிடத்தக்கது.

மூல ஓவியத்தை ஒரு தொகைக்கு அச்சகத்தாரிடம் கொடுத்துவிடுவதே இத்தொழிலின் வழக்கம். எத்தனை பிரதிகள் அச்சானாலும் ஓவியருக்கு அதில் பங்கு இல்லை. வெற்றி பெற்ற படத்தைப் பிறர் பார்த்து வரைவதும் சாதாரணம். ஆல்பத்தில் படம் எண்ணால் அறியப்பட்டது. அடியில் கடையின் பெயர் பெரிய எழுத்தில் நின்றது. ஓவியருக்குரிய இடம் மூலையில் இருந்த கையொப்பம் மட்டுமே. ஆனால் ஆண்டு முடிந்ததும் பலர் படத்தைக் கத்தரித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டனர். அப்போது வெட்டி எறியப்பட்டது கடையின் பெயர் இருந்த பட்டை. கையொப்பம் படத்தோடு சட்டத்துக்குள் தங்கிவிட்டது.

மறைவும் பின்னரும்

கொண்டையராஜு 1976 ஆம் ஆண்டு காலமானார். மாணவர்கள் அவரது பாணியிலேயே தொடர்ந்து வரைந்தனர். கலை விமர்சகர்கள் நாட்காட்டி ஓவியத்தை நெடுங்காலம் கலையாக ஏற்கவில்லை. கனடா நாட்டு ஆய்வாளர் ஸ்டீபன் இங்கிலிசு கொண்டையராஜுவைப் பற்றி எழுதிய கட்டுரை 1995 ஆம் ஆண்டு வெளியான தொகுப்பு நூல் ஒன்றில் இடம்பெற்றது. கஜ்ரி ஜெயின் 2007 இல் வெளியிட்ட நூல் சிவகாசி நாட்காட்டித் தொழிலையும் ஆராய்கிறது. அமெரிக்காவின் சிரக்கியூசு பல்கலைக்கழகத்தில் எச். டேனியல் சுமித் திரட்டிய இந்தியத் தெய்வ அச்சுப் படங்கள் பாதுகாக்கப்படுகின்றன. தமிழகத்தில் இவரது படங்களைத் தேடுவோர் பழைய வீடுகளின் பூசை அறைகளிலும் பழைய கடைகளின் கல்லாப்பெட்டிக்கு மேலுள்ள சுவர்களிலும் பார்க்கலாம்.