வையாபுரிப் பிள்ளை விட்டுச்சென்ற செல்வம்

லேக் கார்டன்ஸிலிருந்து அதிக தூரமில்லாத அலிப்பூர் தேசிய நூலகத்தில் பேராசிரியர் எஸ். வையாபுரிப் பிள்ளை சேர்த்த நூல்களும் கையெழுத்துப் பிரதிகளும் உள்ளன.

நெல்லைச் சீமையில் 1891-ல் பிறந்த பிள்ளையவர்கள் வக்கீல் தொழிலை விட்டு, 1926-ல் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்ஸிகன் பதிப்பாசிரியரானார். 1936-ல் அப்பெரும்பணி நிறைவெய்தியது. பழைய நூல்களைப் பதிப்பிக்கையில் ஒரே பிரதியை நம்பாமல் பல ஏடுகளை ஒப்பிட்டே பாடத்தை முடிவு செய்தார். 1956-ல் காலமானார்.

இன்று ஏடுகளைப் படமெடுத்து, கணினியில் சுருக்கி, ஒரே கோப்பாகக் கட்டி வைக்கிறார்கள். சுவடிக் கட்டில் ஓர் ஏட்டைச் செல்லரித்தால் மற்றவை மிஞ்சும். சுருக்கிய கோப்பில் சிறு பகுதி கெட்டாலும் முழுவதும் திறக்காமற் போகலாம். பிரிக்கும் முறை மறைந்தாலும் அதே கதிதான். ஆகவே பல பிரதிகளைப் பல இடங்களில் வைப்பதும், பிரிக்கும் முறையை எழுதி வைப்பதும் அவசியம். ஒரே பிரதியை நம்பாத பிள்ளையவர்களின் வழி கணினிக்கும் பொருந்தும்.